கண்மாய் வண்டலை வயலுக்குக் கொண்டு சேர்ப்பது எப்படி

மழைநீர் மேட்டு நிலத்தின் மேல்மண்ணைக் கரைத்து, வரத்துக்கால் வழியே கொண்டுவந்து கண்மாயில் ஆண்டுதோறும் படியவிடுவதே வண்டல். கண்மாய்க்குச் சுமையாகிவிடும் அதே மண், செம்மண்ணிலும் மணற்பாங்கான வயலிலும் சேர்ந்தால் ஈரத்தைப் பிடித்து வைக்கிறது. இயற்கை தரும் வட்டியில் வாழ்ந்து, முதல் தொகையில் கை வைக்காதிருப்பதே பசுமைப் பொருளியலின் அடிப்படை என்று நான் கருதுகிறேன். இங்கே வட்டி என்பது வண்டல் அடுக்கு, முதல் என்பது அதன் கீழுள்ள இயல்பான தரை.

சித்திரை, வைகாசியில் கண்மாய் வற்றியதும் தொடங்கலாம். சாக்கடையோ ஆலைக்கழிவோ கலக்கும் கண்மாயாக இருந்தால் அதன் மண்ணைத் தொடவே வேண்டாம். மற்றவற்றிலும் மண்ணின் மாதிரியை ஆய்வகத்தில் கொடுத்து உப்பின் அளவைப் பார்த்துக்கொள்வது நல்லது. தமிழ்நாட்டில் விவசாயத்துக்கு வண்டலை இலவசமாக எடுக்க 2024 முதல் வட்டாட்சியரே அனுமதி வழங்குகிறார். ஏக்கருக்கு நஞ்சைக்கு 75 கன மீட்டரும் புஞ்சைக்கு 90 கன மீட்டரும் வரம்பு.

மிகுந்த கவனம் தேவைப்படுவது வெட்டும்போதுதான். நான்கைந்து இடங்களில் சிறு குழி தோண்டிப் பாருங்கள்: மேலே மென்மையாக, காய்ந்தால் பாளமாக வெடிக்கும் மண் வண்டல், சரளையோ இறுகிய களியோ தட்டுப்படும் இடத்தில் அது முடிகிறது, மண்வெட்டியும் அங்கேயே நிற்க வேண்டும். ஆழமாக வெட்டினால் அதிகத் தண்ணீர் நிற்கும் என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் மடையின் அடிமட்டத்துக்குக் கீழே தேங்கும் நீர் வயலுக்குத் தானாகப் பாயாது, இறுகிய களியை உடைத்துவிட்டால் இருக்கும் நீரும் கசிந்து இறங்கிவிடும். கரையின் அடிவாரத்தை ஒட்டி வெட்டுவது கரையையே பலவீனமாக்கும். இயந்திரம் வைத்து வெட்டினால், ஓட்டுநர் பள்ளம் பறித்துவிடாதபடி, வேலை முடியும்வரை விவசாயிகளில் ஒருவர் அருகில் இருந்தாக வேண்டும்.

வயலில் கொட்டிய மண்ணைக் குவியலாக விட்டுவிடாமல், கட்டிகளை உடைத்துச் சீராகப் பரப்புங்கள். 75 கன மீட்டரை ஒரு ஏக்கரில் பரப்பினால் இரண்டு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவான கனமே வரும். ஏற்கெனவே களிமண்ணாக இருக்கும் வயலுக்கு இது வேண்டாம், வடிகால் கெட்டுவிடும். உழுது கலப்பதற்கு முன் வரப்புகளை உயர்த்திக் கட்டிவிடுங்கள். இல்லையெனில் முதல் பெருமழையே பரப்பிய வண்டலை மீண்டும் அடித்துச் சென்றுவிடும்.