பிள்ளைப்பெற்ற வீட்டுக்குத் திருகோணமலை போகிறீர்களா? சூட்கேஸைப் பூட்ட முதல்

தங்கச்சி பிள்ளைத்தாச்சி என்று அம்மா ரெலிபோனில் சொன்ன கிழமையே ரொறன்ரோவில் நான் கடை கடையாக ஏறி இறங்கத் தொடங்கிவிட்டேன். இரண்டு சூட்கேஸ், ஒவ்வொன்றும் 23 கிலோ. உப்புவெளி வீட்டு விறாந்தையில் வைத்துத் திறந்தேன். அம்மா ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தா. கால்வரை மூடின பஞ்சு உடுப்பு பன்னிரண்டு, கம்பளித் தொப்பி நாலு, கையுறை, மொத்தப் போர்வை மூன்று.

"மகள், இது ஆவணி மாசம். இதைப் போட்டா பிள்ளை அவிஞ்சு போயிடும்."

அந்தப் போர்வைகளில் ஒன்று இப்போது ஐயாவின் மோட்டார்சைக்கிளை வெயிலுக்கு மூடியிருக்கிறது. போத்தல் அவிக்கிற மெஷினுக்கு அந்த ஆயுசும் இல்லை. கனடாவில் மின்சாரம் 120 வோல்ற், இலங்கையில் 230. நான் கொண்டுபோன அடப்டர் பிளக்கின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்ற்றை மாற்றாது. போட்ட ஒரு நிமிஷத்தில் குசினி முழுக்கப் புகை. வட அமெரிக்காவிலிருந்து போகிறவர்கள் எந்த மின்சாரச் சாமானையும் புரட்டி, அடியில் 100–240 என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வைத்துவிட்டுப் போங்கள். லண்டன், ஐரோப்பாச் சாமான்கள் அங்கே ஓடும். ஆனால் பழைய வீடுகளில் உருண்டைக் கம்பிப் பிளக்தான் இருக்கும். அதற்கு அடப்டர் டவுனிலேயே வாங்கலாம்.

அதற்குப் பிறகு இன்னும் இரண்டு பிள்ளைப்பேற்றுக்கு ஊருக்குப் போய்விட்டேன். கடைசித் தடவை ஒரு சூட்கேஸ்தான், அதிலும் பாதி சொக்லேற்.

எந்த மாதம் என்பதுதான் முதல் கேள்வி. வைகாசியிலிருந்து ஆவணிவரை கச்சான் காற்று அடிக்கும். மத்தியானத்தில் 35 பாகையைத் தாண்டுகிற நாட்களும் உண்டு. துவைத்துக் கொடியில் போட்டது ஒரு மணித்தியாலத்தில் காயும். ஐப்பசி பிறந்து தை வரைக்கும் வாடை மழை. உடுப்புக் காயாது, காய்ந்தாலும் ஈர மணம் போகாது. அதனால் வெயில் காலத்துப் பிள்ளைக்கு இருபது துணி போதும், மழைக்காலத்துப் பிள்ளைக்கு நாற்பதும் காணாது. பெரிய மடக்குக் கொடி ஒன்றும் வீட்டுக்குள்ளே வேண்டும்.

துணி என்று நான் சொல்வது பழைய நூல்சேலையையும் வேட்டியையும் கிழித்து, விளிம்பு மடித்துத் தைத்த சதுரங்களை. பல தடவை தோய்த்து மெத்தென்று வந்த வேட்டித் துணிக்கு ஈடான ஒன்றை நான் எந்த வெளிநாட்டுக் கடையிலும் காணவில்லை. அம்மம்மாமார் பிள்ளைப்பேற்றுக்கு மூன்று மாதம் முதலே இதைத் தொடங்கிவிடுவார்கள். நீங்கள் போய் இறங்கியதும் அதைத்தான் முதலில் எண்ணிப் பாருங்கள். பச்சைப்பிள்ளைக்கு ஒரு நாளைக்கு எட்டுப் பத்துத் தடவை துணி மாற்ற வேண்டி வரும். பம்பர்ஸ் ஊரில் தாராளமாகக் கிடைக்கிறது, ஆனால் இரவுக்கும் ஆஸ்பத்திரிப் பயணத்துக்கும் மட்டும் என்று வைத்தால் போதும். சட்டைகள் முன்னால் நாடா கட்டுகிற, கையில்லாத மெல்லிய பருத்தி. மத்திய வீதிப் பக்கம் புடவைக்கடைகளில் அளவு பார்த்து எடுக்கலாம். எடுத்ததை ஒருதரம் தோய்த்துக் காயவைத்துத்தான் போட வேண்டும். சின்னத் துவாய் நாலு, பெரிய பேசின் ஒன்று, மணமில்லாத பிள்ளைச் சவர்க்காரம் ஒன்று. இவ்வளவுதான் உடுப்பும் குளிப்பும்.

குளிக்க வார்க்கும் தண்ணீரை வெயிலில் வைத்துச் சூடாக்குகிற பழக்கம் இன்னும் இருக்கிறது. நல்லதுதான், ஆனால் முழங்கையை விட்டுப் பாருங்கள். கன்னியாவில் ஏழு கிணற்றிலும் மாறி மாறி அள்ளிக் குளித்தவர்களுக்குத் தெரியும், ஒரு கிணற்றுச் சூடு மற்றக் கிணற்றில் இல்லை. கைவிரல் அதைச் சரியாகச் சொல்லாது. பிறந்து 24 மணித்தியாலம் கழியாமல் முதற்குளிப்பு வேண்டாம். தொப்புள்கொடி விழும்வரை அதில் எண்ணெயோ மஞ்சளோ திருநீறோ பூசாமல் காய விடுங்கள்.

இனிப் படுக்கை. இதில்தான் எங்கள் வீட்டில் சண்டை வந்தது.

ஏணை கட்டாமல் ஒரு பிள்ளை வளர்ந்ததாக எங்கள் குடும்பத்தில் சரித்திரமே இல்லை. கூரை வளையில் சேலையைக் கட்டி, அதற்குள் பிள்ளையைப் போட்டு, காலால் ஆட்டிக்கொண்டே அம்மா மரக்கறி வெட்டுவா. நானும் அதற்குள்தான் வளர்ந்தேன். ஆனால் ஒரு மாதப் பிள்ளைக்குக் கழுத்து நிற்காது. ஏணையின் வளைவில் நாடி நெஞ்சில் முட்டினால் மூச்சுக்குழாய் மடிந்துவிடும், சத்தமே வராது. கடைசியில் ஒரு உடன்பாட்டுக்கு வந்தோம்: பகலில், ஒருவர் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது மட்டும் ஏணை. இரவிலும், எல்லோரும் அயரும் மத்தியான நேரத்திலும் தட்டையான படுக்கை. நல்ல இறுக்கமான தும்பு மெத்தையில் ஒரு விரிப்பை இழுத்துச் செருகி, பிள்ளையை மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும். தலை உருண்டையாக வரவேண்டும் என்று கடுகு நிரப்பித் தைக்கிற தலையணை, சுற்றிவர அணைக்கிற தலையணை, பொம்மை ஒன்றும் வேண்டாம். அவற்றைப் படமெடுத்துவிட்டு அலுமாரிக்குள் வையுங்கள், கொடுத்தவர்களுக்கும் சந்தோஷம்.

மேலே நுளம்பு வலை. குடைபோல் விரிகிற சின்ன வலை ஊர்க் கடைகளிலேயே இருக்கிறது, மலிவு. இலங்கையில் மலேரியா இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2016இல் சான்றிதழ் கொடுத்துவிட்டது. அடுத்த வருஷமே, 2017இல், டெங்கு கிண்ணியாவையும் டவுனையும் உலுக்கிப் போட்டது. டெங்கு நுளம்பு பகலில்தான் கடிக்கும், காலையிலும் பொழுதுபடுகிற நேரத்திலும் கூடுதலாக. ஆகவே வலை இரவுச் சாமான் அல்ல, பகல் நித்திரைக்கும் விரிக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து ஸ்பிரே கொண்டுபோகிறவர்கள் கவனிக்க: டீட் கலந்த மருந்து இரண்டு மாதத்துக்குக் குறைந்த பிள்ளைக்குப் பூசக்கூடாது. நுளம்புத்திரிப் புகையும் அந்த அறைக்குள் வேண்டாம். அதைவிட, போய் இறங்கிய மறுநாள் வளவைச் சுற்றி நடந்து, சிரட்டை, பழைய ரயர், பூச்சாடித் தட்டு, கூரைப் பீலி எல்லாவற்றிலும் தேங்கி நிற்கிற தண்ணீரைக் கொட்டுங்கள். நீங்கள் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி அதுவாகத்தான் இருக்கும், அதற்குச் சூட்கேஸில் இடமும் தேவையில்லை.

பால்மா ரின் கொண்டுவரச் சொல்லி ஊரிலிருந்து கேட்பார்கள். கொண்டுபோகாதீர்கள். தாய்ப்பால் குடிக்கிற பிள்ளைக்கு அது தேவையில்லை. குடிக்க வைத்துப் பழக்கினால், நீங்கள் திரும்பிய பிறகு ரின் முடியும், அதே மா அங்கே கிடைக்காது, பிள்ளை அழும். அரச ஆஸ்பத்திரிப் பிள்ளைப்பேற்று வார்ட்டுக்குப் போத்தலோடு போனால் மிஸிமாரிடம் பேச்சுத்தான் வாங்குவீர்கள். முதல் ஆறு மாதமும் தாய்ப்பால் மட்டும்தான். கச்சான் வெக்கையிலும் பிள்ளைக்குத் தண்ணீர் வேண்டாம், கொத்தமல்லித் தண்ணீரும் சீனித் தண்ணீரும் வேண்டாம். தாகத்துக்கு வேண்டிய தண்ணீர் பாலிலேயே இருக்கிறது. வயிற்றைத் தண்ணீரால் நிரப்பினால் பால் குடிக்கிற அளவு குறையும். தண்ணீர் வேண்டியது தாய்க்கு. அவ படுக்கிற இடத்திலிருந்து கையெட்டும் தூரத்தில் கொதித்தாறின தண்ணீர் ஒரு போத்தல், சுடுதண்ணீர் ஒரு பிளாஸ்க் எப்போதும் இருக்கட்டும்.

பிள்ளைக்கு இவ்வளவு பார்க்கிறவர்கள் தாயை மறந்துவிடுகிறார்கள். நானும் மறந்தேன். தங்கச்சிக்குச் சிசேரியன். வீட்டில் இருந்தது குந்துகிற கக்கூஸ். ஆஸ்பத்திரியால் வந்த அன்று இரவுதான் அது எங்கள் மண்டையில் உறைத்தது. மைத்துனர் நடுவில் ஓட்டை வெட்டின பிளாஸ்ரிக் கதிரையொன்றை அந்த இரவிலேயே எங்கிருந்தோ கொண்டுவந்து சேர்த்தார். அந்த ஒரு கதிரைக்கு முன்னால் என் 46 கிலோவும் தூசு. வீட்டில் குந்துகிற கக்கூஸ் என்றால் இதை முதலே ஒழுங்குசெய்யுங்கள். முன்னால் பொத்தான் வைத்த பருத்தி நைற்றி நாலு, பெரிய பாட், பால் கொடுக்கிற பிறா. இந்தக் கடைசிச் சாமானும், முலைக்காம்பு வெடிப்புக்குப் பூசுகிற லனோலின் களிம்பும், கையால் அமத்துகிற பால் பம்பும் உண்மையிலேயே வெளிநாட்டிலிருந்து கொண்டுபோகத் தக்கவை.

சாப்பாட்டுக்கு உங்கள் உதவி தேவைப்படாது. மல்லி, மிளகு, சீரகம், மஞ்சள், வேர்க்கொம்பு, திப்பிலி எல்லாம் வறுத்து இடித்த சரக்குத்தூள் ஏற்கெனவே போத்தலில் இருக்கும். உள்ளி நிறையப் போட்டுப் பத்தியக் கறி வைப்பார்கள், பால்சுறா வாங்கி வறை வறுப்பார்கள், முருங்கையிலை சுண்டுவார்கள். திருகோணமலையில் மீனுக்கா பஞ்சம்? நீங்கள் விடிய எழும்பிச் சந்தைக்குப் போய்வந்தால் போதும்.

மருந்துப் பெட்டியில் வைக்க வேண்டியவை கொஞ்சம்தான். டிஜிற்றல் வெப்பமானி ஒன்று, மூக்குச் சளி இழுக்கிற ரப்பர்க் குமிழ் ஒன்று, முனை மழுங்கின சின்ன நகவெட்டி ஒன்று. பரசிற்றமோல் பாணி வாங்கி வைக்காதீர்கள். மூன்று மாதத்துக்குக் குறைந்த பிள்ளைக்கு 38 பாகை காய்ச்சல் என்றால் மருந்து கொடுத்துப் பார்க்கிற விஷயம் அல்ல, நேரே ஆஸ்பத்திரி. பால் குடிக்க மறுத்தாலும், நிமிடத்துக்கு 60 தடவைக்கு மேல் மூச்சு வாங்கினாலும், மஞ்சள் உள்ளங்கை உள்ளங்கால்வரை இறங்கினாலும் அப்படித்தான். மஞ்சட்காமாலைக்குக் காலை வெயிலில் காட்டினால் சரி என்று இருந்துவிடக்கூடாது. 1990 என்ற இலக்கத்தை அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். அந்த இலக்கத்தைக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் எழுதி ஒட்டுங்கள். இரவு இரண்டு மணிக்கு யாருக்கும் ஞாபகம் வராது.

அம்மம்மாவின் பெட்டி வேறு. வசம்பு, சாம்பிராணி, கறுப்புப் பொட்டு, அரைஞாண், பஞ்சாயுதம். இதில் எல்லாவற்றோடும் மல்லுக்கட்டத் தேவையில்லை. வசம்பைக் கையில் கட்டட்டும், நூல் இறுகுகிறதா, மணி கழன்று வாய்க்குள் போகுமா என்று மட்டும் பாருங்கள். சுட்டு உரைத்து நாக்கில் தடவுவதும் தேன் தொட்டு வைப்பதும் வேண்டாம். தேன் ஒரு வயதுவரை ஆகாது. பொட்டு உள்ளங்காலில் வைத்தாலும் நாவூறு படாது என்று நான் அம்மாவிடம் சொன்னேன். அவ ஐந்து நிமிஷம் யோசித்து ஒத்துக்கொண்டா. சாம்பிராணிப் புகை தாயின் தலைமயிருக்கு, பின்விறாந்தையில்.

பிரிவுக்குப் பொறுப்பான மிட்வைவ் மிஸி, பிள்ளை பிறந்த முதல் பத்து நாளுக்குள்ளேயே வீட்டுக்கு வந்து பார்ப்பா. கேற் பூட்டியிருந்தால் திரும்பிப் போய்விடுவா, ஆகவே அந்த நாட்களில் கோணேசர் கோயிலுக்கு எல்லோரும் ஒன்றாகப் புறப்படாதீர்கள். பிள்ளையின் வளர்ச்சிப் புத்தகம், ஆணுக்கு நீலம், பெண்ணுக்கு றோஸ், ஒரு பிளாஸ்ரிக் உறைக்குள் இருக்கட்டும். பிறந்ததும் போட்ட பீ.சீ.ஜீ. ஊசியும் இரண்டாம் மாதம் தொடங்குகிற மற்ற ஊசிகளும் அதில்தான் பதிவாகும். பிறப்புப் பதிவுக்கு 42 நாள். பேரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எப்படி எழுதுவது என்று அதற்கு முதலே முடிவெடுங்கள். எண்சாத்திரம் பார்த்து எழுத்தைக் கூட்டுகிற பெரியப்பாமார் வெளிநாட்டிலிருந்து பிந்தித்தான் ரெலிபோன் எடுப்பார்கள்.

சொந்தக் கைக்குழந்தையோடு போகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. கட்டுநாயக்காவிலிருந்து தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் வழியாக வானில் ஐந்து ஆறு மணித்தியாலம் பிடிக்கும். பிள்ளையின் கார் சீற்றை விமானத்திலேயே கொண்டுபோங்கள், இருட்டுக்கு முதல் ஹபரணையைத் தாண்டப் பாருங்கள், அந்த றோட்டில் யானை வரும். புட்டிப்பால் குடிக்கிற பிள்ளை என்றால் நிற்கிற நாட்கள் முழுவதுக்கும் மா கையோடு இருக்க வேண்டும். கொதித்து, 70 பாகைக்குக் கீழே இறங்காத தண்ணீரில் கரைத்து, ஆறவைத்துக் கொடுங்கள். இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் நின்ற பாலைக் கொட்டுங்கள். கடற்கரைப் பக்கக் கிணறுகள் சில சவர், அந்தத் தண்ணீர் குளிப்புக்கு மட்டும்.

கடைசியாக விருந்தினர். 31ஆம் நாள் துடக்குக் கழியும்வரை அயலவர்கள் உள்ளே வரமாட்டார்கள். முன்பு அது எனக்குப் பழம்பஞ்சாங்கமாகப் பட்டது. தையல் காயாத தங்கச்சியும் இரண்டாம் மாத ஊசி இன்னும் போடாத பிள்ளையும் ஒரு மாதம் நிம்மதியாகக் கிடந்ததைப் பார்த்தபிறகு வாயை மூடிக்கொண்டேன். முறையை மீறி வருகிறவர்கள் எங்களைப்போல வெளிநாட்டிலிருந்து இறங்கிய ஆட்கள்தான், லீவு முடிய முதல் பிள்ளையைத் தூக்க வேண்டும் என்று. அம்மா கேற்றடியில் ஒரு வாளித் தண்ணீரும் சவர்க்காரமும் வைத்திருந்தா. சுவிஸிலிருந்து வந்த மாமா ஒருவர் அதைக் கடந்து கையை நீட்டிக்கொண்டே விறாந்தையில் ஏறினார்.

"தம்பி," என்றா அம்மா, கதிரையை விட்டு எழும்பாமலே, "கைகால் கழுவிப்போட்டு வாங்கோ. பிள்ளை எங்கயும் ஓடாது."