ரைனெக்ஸ் கோப்பில் ஆன்டெனா உயரம்: திருத்தும்போது நேரும் தவறுகள்

ஜி.பி.எஸ். போன்ற செயற்கைக்கோள் ரிசீவரை வைத்து நிலம் அளக்கும்போது, களத்தில் ஆன்டெனா உயரத்தைத் தப்பாகப் பதிந்துவிட்டால் மறுபடி போய் அளக்க வேண்டியதில்லை. செயற்கைக்கோள் அளவீடுகளுக்கு ஒன்றும் ஆகிவிடாது. அந்த அளவீடுகளைப் பொதுவான எழுத்து வடிவில் வைத்திருக்கும் ரைனெக்ஸ் (RINEX) கோப்பின் தலைப்பகுதியில் ஓர் எண்ணை மாற்றினால் போதும். ஆனால் அந்த எண்ணில் 10 செ.மீ. பிழை இருந்தால் புள்ளியின் உயரத்திலும் அதே 10 செ.மீ. பிழை வரும். எட்டு மணி நேரம் அளந்திருந்தாலும் மென்பொருள் அதைக் காட்டிக்கொடுக்காது.

அதிகம் பேர் சறுக்குவது சாய்வு உயரத்தில்தான். தலைப்பகுதியில் வர வேண்டியது, தரைக் குறியிலிருந்து ஆன்டெனாவின் குறிப்புப் புள்ளி வரையிலான செங்குத்து உயரம். குறிப்புப் புள்ளி பெரும்பாலும் ஆன்டெனாவின் அடிமட்டத்தில் இருக்கும். முக்காலி வைத்து வேலை செய்பவர் அளக்கும் டேப்பைப் பிடிப்பதோ ஆன்டெனாவின் விளிம்பில்; அப்படிக் கிடைப்பதுதான் சாய்வு உயரம். சாய்வு 1.600 மீ., விளிம்பின் ஆரம் 0.170 மீ. என்றால், பித்தகோரஸ் கணக்குப்படி செங்குத்து 1.591 மீ.; 9 மி.மீ. குறைகிறது. விளிம்பு குறிப்புப் புள்ளிக்கு மேலே இருந்தால் அந்தத் தூரத்தையும் கழிக்க வேண்டும்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. ரிசீவரின் மென்பொருளே சாய்வைச் செங்குத்தாக மாற்றி எழுதியிருக்கும். நாம் அதை இன்னொரு முறை குறைப்போம். ஆன்டெனாவின் கட்ட மையம் (சிக்னல் வந்து சேருவதாகக் கணக்கில் கொள்ளும் புள்ளி) இன்னும் மேலே இருக்கிறதே என்று அதையும் உயரத்தில் கூட்டிவிடுபவர்கள் இருக்கிறார்கள். ஆன்டெனா வகையைப் பார்த்து அந்தத் திருத்தத்தைச் செயலாக்க மென்பொருளே சேர்த்துக்கொள்ளும். ஆகவே களப்புத்தகத்தில் எதுவரை அளந்தோம், எப்படி அளந்தோம் என்ற குறிப்பு இல்லாமல் கோப்பைத் தொடாதீர்கள். நானும் ஒருமுறை நினைவை நம்பித் திருத்தி, மறுநாள் புத்தகத்தைப் பார்த்துப் பழைய எண்ணையே திரும்பப் போட்டேன்!

தலைப்பகுதியில் ஆன்டெனா உயரம் வரும் வரியில் மூன்று எண்கள் இருக்கும்: உயரம், கிழக்கு, வடக்கு, எல்லாம் மீட்டரில். வடக்கை முன்னால் எழுதிப் பழகியவர்கள் வரிசையைக் கவனிக்க வேண்டும்.

ஆன்டெனா வகைக்கு 20 எழுத்திடம். அதில் கடைசி நான்கு இடம் மேல்மூடியின் குறியீட்டுக்கு. பெயர் ஓர் எழுத்து பிசகினாலும் மென்பொருள் அளவுத்திருத்தப் பட்டியலில் அதைக் கண்டுபிடிக்காமல், சில வேளை சத்தமே இல்லாமல் திருத்தத்தை விட்டுவிடும். ரைனெக்ஸில் இடைவெளிக்கும் அர்த்தம் உண்டு: ஒவ்வொரு தலைப்பு வரியின் பெயரும் 61ஆம் இடத்தில் தொடங்க வேண்டும். எழுத்துத் திருத்தியில் ஓர் இலக்கம் கூடுதலாகத் தட்டினால் வரி முழுதும் நகர்ந்துவிடும். விசைப்பலகையின் டேப் (Tab) விசை கூடவே கூடாது.

நிலையத்தின் பெயரைப் பொறுத்தவரை, கோப்பின் பெயரை மட்டும் மாற்றிவிட்டு உள்ளே இருக்கும் பெயரை மறப்பது வழக்கம். இரண்டு புள்ளிகளுக்கு ஒரே பெயர் இருந்தால் மென்பொருள் அவற்றை ஒன்றாகச் சேர்த்துவிடலாம். அப்புறம், ஒரே கோப்பில் பல புள்ளிகளை அளந்திருந்தால் நடுநடுவே புதிய நிலையப் பெயரும் உயரமும் வரும். மேலே மட்டும் திருத்தினால் முதல் புள்ளிதான் சரியாகும்.

மூலக் கோப்பை அப்படியே வைத்துவிட்டு நகலில்தான் கை வையுங்கள். என்ன மாற்றினீர்கள் என்பதைத் தலைப்பகுதியிலேயே ஒரு குறிப்பு வரியாகச் சேர்க்கலாம். பிறகு இரண்டு கோப்புகளையும் ஒரே முறையில் கணக்கிட்டுப் பாருங்கள். ஆன்டெனா உயரத்தை 0.100 மீ. கூட்டியிருந்தால் புள்ளியின் உயரம் 0.100 மீ. குறைய வேண்டும். கொஞ்சமும் மாறவில்லையா? கோப்பில் உள்ள உயரத்தை விட்டுவிட்டு, படிவத்தில் நீங்கள் நிரப்பிய உயரத்தை எடுத்துக்கொள்ளும் இணையச் சேவைகளும் உண்டு. அந்தப் படிவத்தைப் பாருங்கள்.