ஆலுலா: கையால் மகரந்தம் சேர்த்து விதை காப்பது எப்படி

ஹவாய்த் தீவுகளில் கவாய், நீஹாவ் என்ற இரண்டைத் தவிர ஆலுலா வேறெங்கும் இயற்கையாக வளர்ந்ததில்லை. அடி பருத்து மேலே சிறுத்த ஒற்றைத் தண்டு, உச்சியில் மட்டும் ஒரு கொத்து இலை. முட்டைக்கோஸைக் குச்சியில் குத்தி நட்டாற்போல இருக்கும். தாவரவியல் பெயர் பிரிகாமியா இன்சிக்னிஸ். ஆடும் எலியும் அயல்களைகளும் கீழிருந்து நெருக்க, கடைசிச் செடிகள் கவாயின் நா பலி கடற்கரையில் உள்ள செங்குத்துப் பாறைகளில் ஒட்டிக்கொண்டிருந்தன. 1982இல் இவா புயலும் 1992இல் இனிக்கி புயலும் அவற்றையும் பிய்த்தெறிந்தன. 2014க்குப் பிறகு காட்டில் ஒன்றும் கண்ணில் படவில்லை.

ஆனால் தொட்டிச் செடியாக ஐரோப்பாவில் இதைக் கடையில் வாங்கலாம். விதை நன்றாக முளைக்கும், செடி வேகமாக வளரும். ஆகவே செடிகளைப் பெருக்குவது பெரிய வித்தை அல்ல. தாயும் தந்தையும் இன்னதென்று தெரிந்த விதையைப் பெருக்குவதுதான் கடினம். கீழே சொல்லும் ஒவ்வொரு வேலையையும் பெயர்ச்சீட்டிலிருந்தே தொடங்குங்கள்.

பூவைப் படிப்பது

கவாயில் பெரும்பாலும் செப்டம்பர் முதல் நவம்பர் வரை பூக்கும். இளமஞ்சள் பூ, நல்ல மணம். குழல் மட்டும் 7 முதல் 14 செ.மீ. நீளம். இவ்வளவு ஆழத்தில் தேன் எடுக்க நீண்ட உறிஞ்சுகுழல் வேண்டும் என்பதால், ஒரு பருந்து அந்துப்பூச்சிதான் மகரந்தம் சேர்த்திருக்கும் என்று கருதுகிறார்கள். இப்போது அந்த வேலைக்கு எதுவும் வருவதில்லை. அதனால்தான் ஸ்டீவ் பெர்ல்மன், கென் வுட் போன்ற தாவரவியலாளர்கள் கயிற்றில் தொங்கியபடி அந்தப் பாறைகளில் தூரிகையோடு இறங்கினார்கள்.

ஒவ்வொரு பூவும் முதலில் ஆண், பிறகு பெண். ஐந்து மகரந்தப்பைகளும் ஒட்டிக் குழாயாகி, மகரந்தம் அதற்குள்ளேயே உதிர்ந்து கிடக்கும். சூல்தண்டு அடியிலிருந்து வளரும்போது பிஸ்டனைப் போல அதை நுனி வழியே வெளியே தள்ளும். மகரந்தம் எடுக்க வேண்டிய நேரம் இது. பிறகு சூலகமுடி வெளியே வந்து இரண்டு இதழாகப் பிளக்கும். பிளந்த உட்புறம் ஈரப்பசையோடு மினுங்கினால் பூ பெண் நிலையில் இருக்கிறது. பிளப்பதற்கு முன் பூசினால் மகரந்தம் வீண். புதிதாகச் செய்பவர்கள் காய் பிடிக்கவில்லை என்று சொல்லும்போது பெரும்பாலும் காரணம் இதுதான்.

மகரந்தம் சேர்ப்பது

ஆண் நிலைப் பூவின் மகரந்தக் குழாய் நுனியைச் சிறு இடுக்கியால் மெல்லத் தொட்டு, விழும் தூளைக் காலி மருந்துக் கேப்சூலிலோ மடித்த மெழுகுத் தாளிலோ பிடியுங்கள். செடி எண்ணையும் தேதியையும் அப்போதே எழுதுங்கள். அன்றைக்கே பயன்படுத்துவது நல்லது. முடியாவிட்டால் சிலிக்கா ஜெல்லோடு மூடிய டப்பாவில் குளிர்சாதனப் பெட்டியில் சில நாள் வைக்கலாம். ஈரம் பட்டால் மகரந்தம் கட்டிதட்டிச் செத்துப்போகும்.

இன்னொரு செடியில் பெண் நிலையில் உள்ள பூவைத் தேர்ந்தெடுத்து, மென்மையான தூரிகையால் சூலகமுடியின் உட்புறம் முழுக்க மஞ்சளாகத் தெரியும்வரை பூசுங்கள். ஒரு காயில் 20 முதல் 160 விதை வரை இருக்கலாம். கஞ்சத்தனமாகப் பூசினால் விதையும் கஞ்சத்தனமாகவே வரும். தந்தை மாறும்போது தூரிகையையும் மாற்றுங்கள். துணியில் துடைத்தால் போதாது, இழைகளுக்குள் பழைய தூள் தங்கும். ஆகவே ஒரு தந்தைக்கு ஒரு தூரிகை. காதுக்குடையும் பஞ்சுக்குச்சி இதற்கு மலிவான வழி.

தன் மகரந்தத்தாலும் காய் பிடிக்கும். இதுதான் பொறி. காய் பருத்ததைப் பார்த்து மகிழ்ந்துவிடுவோம். உள்ளே இருப்பது தலைமுறைக்குத் தலைமுறை பலம் குன்றும் விதை. ஒரே தாயின் பிள்ளைகளுக்குள் சேர்ப்பதும் கிட்டத்தட்ட அதே கதை. ஆவணம் இல்லாத இரண்டு செடிகளை வைத்துக்கொண்டு நெருங்கிய உறவுக்குள் சேர்ப்பதைத் தவிர்க்கிறேன் என்று யாராலும் சொல்ல முடியாது. மொலோகாய் தீவின் வெள்ளைப் பூ இனமான பிரிகாமியா ராக்கியை அதே குடிலில் வளர்த்தால், இரண்டும் பூக்கும் நாட்களில் தனித்தனியே வையுங்கள். கலந்த விதை இரண்டு இனத்துக்கும் உதவாது.

பூக்காம்பில் தாய் எண் × தந்தை எண், தேதி எழுதிய சீட்டைக் கட்டுங்கள். சாதாரணப் பேனா மை நீரில் கரையும், பென்சில் நிற்கும்.

காய் முற்ற 6 முதல் 8 வாரம் ஆகும். பச்சை வெளிறி வெடிக்கத் தொடங்குமுன் மெல்லிய துணிப்பையால் மூடிவிடுங்கள். விதை ஒரு மில்லிமீட்டர் அளவுதான், கீழே சிந்தினால் பொறுக்க முடியாது.

விதைப்பும் வளர்ப்பும்

தென்னைநார்க் கழிவு ஒரு பங்கு, பெர்லைட் அல்லது எரிமலைக் கற்பொடி இரண்டு பங்கு. நனைத்து, வடியவிட்டு, விதையை மேலே தூவுங்கள். விதைமேல் கலவையைப் போட்டு மூடக் கூடாது. முளைக்க வெளிச்சம் வேண்டும். நீரைக் கீழ்த்தட்டில் ஊற்றுங்கள், மேலிருந்து ஊற்றினால் விதை ஓரத்தில் ஒதுங்கும். பொதுவாக மூன்று வாரத்துக்குள் முளைவிடும். தட்டுக்கு மூடி போட்டிருந்தால், முளைத்ததும் அதைத் திறந்து காற்றோட்டம் கொடுங்கள். இல்லையென்றால் நாற்றழுகல் ஒரே இரவில் தட்டைத் துடைத்துவிடும்.

வளர்ந்த செடியைக் கொல்வது பெரும்பாலும் அதிக நீர்தான். பருத்த தண்டு தண்ணீர்த் தொட்டி. மேல்மண் நன்கு காய்ந்தபின் ஊற்றினால் போதும். தண்டை விரலால் அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் நலம். லேசாகச் சுருங்கினால் தாகம். அடி கொழகொழத்தால் வேர் அழுகிவிட்டது, மீட்பது அரிது. கடும் வெயில் காலத்தில் கீழ் இலைகள் மஞ்சளாகி உதிர்வது இயல்பு. அதைத் தாகம் என்று நினைத்து ஊற்றிக் கொன்றவர்கள் நிறைய. இலை அடியில் நுண்வலையும் புள்ளிகளும் தெரிந்தால் சிவப்புச் சிலந்திப்பேன். காற்று வறண்டால் பெருகும். இலையடியை நீர் பீய்ச்சிக் கழுவி, மாலையில் வேப்பெண்ணெய்க் கரைசல் தெளியுங்கள். ஹவாயில் நாற்றுகளுக்கு ஓடில்லா நத்தை கூடுதல் எதிரி.

விதைச் சேமிப்பு

விதை வங்கி என்றாலே மைனஸ் 18 டிகிரி உறைநிலை என்று பலரும் நினைக்கிறார்கள். ஹவாயின் இந்தக் குடும்பத்து விதைகள் பல, உறைநிலையில் சீக்கிரம் உயிரிழக்கின்றன. காற்றின் ஈரப்பதம் 20 சதவீத அளவில் உலர்த்தி 5 டிகிரி செல்சியஸில் வைப்பதே பாதுகாப்பு. பொட்டாசியம் அசிடேட்டின் நிறைகரைசலை அடியில் வைத்து மூடிய பெட்டிக்குள் ஈரப்பதம் ஏறக்குறைய 23 சதவீதத்தில் நிற்கும். விதையைக் காகித உறையில் அதன் மேலே, கரைசலைத் தொடாமல், வையுங்கள். ஈரப்பதமானி ஒன்றும் உள்ளே இருக்கட்டும். எடை மாறாமல் நின்றதும் காற்றுப்புகாத அலுமினியப் பைக்கு மாற்றுங்கள். ஒவ்வொரு தாய்-தந்தைச் சேர்க்கையின் விதையும் தனிப் பையில். ஆண்டுக்கு ஒருமுறை 25 விதை எடுத்து முளைக்கவிடுங்கள். முதல் சோதனையைவிட முளைப்பு வெகுவாகச் சரிந்தால் காத்திருக்காமல் புது விதை எடுக்கும் வேலையைத் தொடங்குங்கள்.

கடையில் வாங்கிய, வம்சம் தெரியாத ஆலுலா உங்களிடம் இருந்தால் கைப்பழக்கத்துக்கு அருமையான செடி. அதன் விதையைக் கவாய்க்கு அனுப்பிவிட வேண்டாம். விதையோடும் மண்ணோடும் நோய் போகும், வம்சக் குறிப்பு இல்லாததை அங்கே யாரும் நடவும் மாட்டார்கள்.