பிளாஸ்டர் சிற்பம் செய்யும் கவின்கலை மாணவர்களுக்கு

இறுதியாண்டுக் கண்காட்சிக்கு பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் இன்ஸ்டலேஷன் (ஓர் இடத்தில் அமைத்து வைக்கும் கலைப்படைப்பு) செய்கிறீர்களா? முதலில் தண்ணீரைக் கவனியுங்கள். சென்னையில் கடலோரப் பகுதிகளில் போர் தண்ணீர் பல இடங்களில் உப்பு. உப்பு சேர்ந்தால் பிளாஸ்டர் சட்டென்று இறுகிவிடும். காய்ந்தபின் மேலே வெள்ளையாகப் பூத்து, பெயின்ட்டும் சரியாக ஒட்டாது. கேன் தண்ணீருக்குச் செலவு பார்க்க வேண்டாம்.

பவுடரில் தண்ணீரை ஊற்றாதீர்கள், தண்ணீரில் பவுடரைத் தூவுங்கள். 1 கிலோ பவுடருக்குச் சுமார் 600 முதல் 700 மில்லி தண்ணீர். பவுடர் மேலே சின்னச் சின்னத் திட்டாக நிற்கும்போது நிறுத்தி, அது ஊறியதும் குமிழி வராமல் மெதுவாகக் கலக்குங்கள். பழைய பிளாஸ்டர் ஒட்டிய பக்கெட் வேண்டவே வேண்டாம். அந்தத் துணுக்குகளே புதுக் கலவையை வேகமாக இறுக வைக்கும்.

உள்ளே கட்டும் கம்பிதான் எனக்குப் பெரிய கவலை. சாதாரணக் கட்டுக்கம்பி ஈரத்தில் துருப்பிடித்து, வெள்ளைப் பரப்பில் பழுப்புக் கறையாக வெளியே வரும். ஜிஐ கம்பி, அதாவது துத்தநாகம் பூசிய கம்பி, வாங்குங்கள். இரும்புச் சட்டம் என்றால் ரெட் ஆக்சைடு பிரைமர் அடித்து, அது நன்றாகக் காய்ந்தபின்தான் பிளாஸ்டர்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் ஃபேன் போட்டாலும் மெதுவாகத்தான் காயும். தொட்டால் ஜில்லென்று இருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. அந்த ஜில்லிப்பு போகும்வரை பெயின்ட் டப்பாவைத் திறக்காதீர்கள்.