பவுலிங் பந்தின் கட்டைவிரல் துளை: வலியும் நழுவலும் தொடங்கும் இடம்

கட்டைகளைச் சாய்க்க உருட்டும் பவுலிங் பந்தைத் தேர்ந்தெடுக்கும்போது பலரும் கட்டைவிரல் துளையில் விரலை விட்டுப் பார்ப்பார்கள். சுலபமாகப் போய் வந்தால் போதும், அதுவே தன் பந்து என்று எடுத்துக்கொள்வார்கள். இந்த விளையாட்டில் அதிகம் பேர் செய்யும் தவறு இதுதான். இறுக்கமான துளையைவிட லூசான துளைதான் கையை அதிகம் கெடுக்கும்.

துளை லூசாக இருந்தால் பந்து நழுவப் போகிறது என்று கை தானாகவே உணர்ந்துவிடும். உடனே கட்டைவிரல் மூட்டு உள்ளே மடங்கி, துளையின் சுவரை நெருக்கிப் பிடிக்கும். 12 பவுண்டு பந்து என்றால் ஏறத்தாழ 5.4 கிலோ. அதை மூட்டை மடக்கிப் பிடித்தபடி வீசினால் முன்கைத் தசை இறுகும், கை நேராக ஊஞ்சலாடாது, கட்டைவிரலும் தாமதமாக வெளியே வரும். முதலில் கட்டைவிரல் விடுபட வேண்டும், நடுவிரலும் மோதிரவிரலும் அதற்குப் பிறகுதான். பந்துக்குச் சுழற்சி கிடைப்பது இந்தச் சிறு இடைவெளியில்தான். மூன்று விரலும் ஒன்றாக வெளியே வந்தால் பந்து சுழலாமல் சும்மா உருண்டு போகும். கட்டைவிரல் மாட்டிக்கொண்டால் பந்து மேலே எகிறித் தரையில் 'தொம்' என்று விழும். கட்டைவிரல் மூட்டின் மேல், நகத்துப் பக்கம், தோல் சிவந்து தடித்திருந்தால் நீங்கள் நெருக்கிப் பிடிக்கிறீர்கள் என்று பொருள். பெரும்பாலும் துளை பெரிதாக இருப்பதுதான் காரணம்.

மால்களில் அடுக்கி வைத்திருக்கும் பொதுப் பந்துகளில் எடை கூடக் கூடத் துளையும் பெரிதாகும். துறைமுகத்தில் சுமை தூக்கியோ, பட்டறையில் ஸ்பேனர் பிடித்தோ, வலை இழுத்தோ தடித்துப்போன கட்டைவிரல் 8, 10 பவுண்டு பந்துகளில் நுழையாது. அதனால் 15 பவுண்டு பந்தை எடுத்துவிடுகிறார்கள். துளையைப் பார்த்து எடையை முடிவு செய்யாதீர்கள். முதலில் எடையை முடிவு செய்யுங்கள். உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு என்று பொதுவாகச் சொல்வார்கள். புதிதாக ஆடுபவர்கள் அதைவிட ஒன்றிரண்டு பவுண்டு குறைத்தே எடுக்கலாம். பிறகு அதே எடையில் இருக்கும் எல்லாப் பந்துகளிலும் விரலை விட்டுப் பாருங்கள். ஒரே எடையில்கூடத் துளை அளவு பந்துக்குப் பந்து மாறும்.

சோதிக்கும் முறை இது. கட்டைவிரலை அடிவரை முழுவதும் விடுங்கள். பாதி விட்டுப் பார்ப்பது எதையும் சொல்லாது. விரல் நேராக இருக்க வேண்டும், சுற்றிலும் சுவர் லேசாகத் தொட வேண்டும். உள்ளே வைத்தபடியே விரலை மெல்லத் திருப்பினால் தோல் கொஞ்சம் உரச வேண்டும், ஆனால் சுவரோடு சேர்ந்து இழுபடக் கூடாது. அடுத்து, கட்டைவிரல் உள்ளே இருக்கும்போதே மற்ற இரண்டு விரல்களையும் அவற்றின் துளைகள் மேல் நீட்டி வையுங்கள். பொதுப் பந்தில் இந்த விரல்கள் இரண்டாவது மூட்டு வரை உள்ளே போகும். அந்த மூட்டின் ரேகை, துளையின் கட்டைவிரல் பக்க விளிம்பைத் தாண்டிச் சுமார் கால் அங்குலம் உள்ளே வர வேண்டும். கட்டைவிரல் துளைக்கும் இந்த விரல்களின் துளைகளுக்கும் இடையே உள்ள தூரத்தை 'ஸ்பான்' என்பார்கள். ஸ்பான் நீளமாக இருந்தால் உள்ளங்கை இழுபட்டுக் கட்டைவிரல் அடியில் வலிக்கும். குறைவாக இருந்தால் பந்து உள்ளங்கையில் உட்காராமல், மறுபடியும் நெருக்கிப் பிடிக்கத் தோன்றும். ஸ்பான் தவறான பந்தில் துளையை எவ்வளவு சரிசெய்தாலும் பயனில்லை.

விரல் ஒரே அளவில் இருக்காது

நம் வடசென்னையில் இதைப் பேசாமல் முடியாது. மே மாத வெயிலில் எண்ணூர் நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே ஒரு மணி நேரம் பைக் ஓட்டி வருகிறீர்கள். வலது கை முழு நேரமும் ஆக்சிலேட்டரைப் பிடித்திருக்கிறது. வெப்பம், அதிர்வு, வியர்வை எல்லாம் சேர்ந்து கட்டைவிரல் உப்பியிருக்கும். உள்ளே நுழைந்ததும் பந்தைத் தேர்ந்தெடுத்தால் அப்போது கச்சிதமாகத்தான் இருக்கும். ஏ.சி. குளிரில் அரை மணி நேரம் ஆனதும் விரல் சுருங்கிவிடும், அதே பந்து லூசாகிவிடும். தொடர்ந்து பல ஆட்டம் ஆடினால் விரல் மறுபடியும் உப்பலாம். ஆகவே வந்தவுடன் அளவு பார்க்காதீர்கள். கையைக் கழுவித் துடைத்து, பதினைந்து இருபது நிமிடம் உட்கார்ந்துவிட்டுப் பாருங்கள். விம்கோ நகரில் மெட்ரோ ஏறி வருபவர்களுக்கு வெயில் தொல்லை குறைவு. ஆனால் சொந்தப் பந்துப் பையை ஆடும் கையில் தொங்கவிட்டு வந்தால் அந்தக் கையும் வீங்கும். தோளில் மாட்டுங்கள், இல்லாவிட்டால் மறு கையில் பிடியுங்கள்.

வழியில் பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ (பர்மா நூடுல்ஸ்) சாப்பிட்டிருந்தால் சோப்புப் போட்டுக் கழுவாமல் பந்தைத் தொடாதீர்கள். எண்ணெய் படிந்த துளையில் எந்த அளவும் சரியாகத் தெரியாது. தலையில் தேங்காய் எண்ணெய் வைத்துக் கோதிய கைக்கும் இதே விதிதான். பவுடர் போட்டுச் சமாளிப்பது வேறொரு தவறு. வியர்வையோடு சேர்ந்து அது துளைக்குள் திட்டுத்திட்டாக ஒட்டிக்கொள்ளும். ஓடிவரும் தரையில் சிந்தினால் அடுத்து வருபவர் வழுக்கி விழுவார்.

சொந்தப் பந்துக்குத் துளை போடும்போது

கட்டைவிரல் உருண்டையானது அல்ல. பலருக்கு அது ஒரு பக்கம் அகலம், மறு பக்கம் தட்டை. வட்டத் துளை அகலமான பக்கத்தில் பிடிக்கும், தட்டையான பக்கத்தில் ஆடும். துளை போடுபவரிடம் நீள்வட்டமாக வேண்டும் என்று கேளுங்கள். அவர் அகலத்தையும் தடிமனையும் தனித்தனியாக அளக்கிறாரா என்று பாருங்கள். இந்தத் தொழிலில் அளவு அங்குலத்தில் 64-ல் ஒரு பங்கு வீதம் ஏறி இறங்கும், அதாவது சுமார் 0.4 மில்லிமீட்டர். அந்த ஒரு படி வித்தியாசம்கூட விரலுக்குத் தெரியும்.

துளையின் சாய்வு 'பிட்ச்' எனப்படும். துளை உள்ளங்கைப் பக்கம் சாய்ந்திருந்தால் பந்து கையில் அதிகம் நிற்கும், எதிர்ப்பக்கம் சாய்ந்தால் சீக்கிரம் விடுபடும். துளை அளவு சரியாக இருந்தும் பந்து நழுவினால் பிட்சைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

சற்றுப் பெரிதாகத் துளை போட்டு, உள்ளே டேப் ஒட்டி அளவைக் குறைத்துக்கொள்வதே நல்ல வழி. விரல் உப்பினால் ஒரு துண்டை எடுக்கலாம், சுருங்கினால் ஒன்றைச் சேர்க்கலாம். இங்கும் தவறுகள் நடக்கின்றன. எலக்ட்ரிக்கல் கடை இன்சுலேஷன் டேப்பை ஒட்டினால் நம் வெப்பத்துக்கும் வியர்வைக்கும் அதன் பசை வெளியே கசிந்து விரலில் ஒட்டும். பவுலிங்குக்கென்றே விற்கும் டேப்பை வாங்குங்கள். சொரசொரப்பான வெள்ளை டேப் விரலின் சதைப்பக்கம் பிடிப்பு தரும். வழுவழுப்பான கறுப்பு டேப் நகப்பக்கம் ஒட்டினால் விரல் சீக்கிரம் விடுபடும். விளிம்பின் மேல் ஒட்டாமல் கொஞ்சம் உள்ளே தள்ளி ஒட்டுங்கள். இரண்டாவது துண்டை முதலாவதன் மேல் அச்சாக வைக்காதீர்கள். அதன் மேல்முனை சற்றுக் கீழே இறங்கி இருந்தால் படி போல முட்டாமல் சரிவாக அமையும். ஒவ்வொரு துண்டுக்குப் பிறகும் விரலை விட்டுப் பாருங்கள். நான்கைந்து துண்டு ஒட்டியும் லூசு என்றால் துளையை அடைத்து மறுபடி போடுவதுதான் சரி. பொதுப் பந்தில் டேப் ஒட்டியிருந்தால் ஆட்டம் முடிந்ததும் எடுத்துவிடுங்கள்.

துளை இறுக்கமாக இருந்தால் கத்தியால் சுரண்ட வேண்டாம். டேப்பை முழுவதும் எடுத்துவிட்டு, விரலில் சாக்பீஸ் தூள் தடவி உள்ளே விட்டு எடுங்கள். சுவரில் எங்கே வெள்ளை அழுத்தமாகப் படிந்திருக்கிறதோ அங்கேதான் இறுக்கம். விரலைவிட ஒல்லியான மரக்கம்பில் 120-ஆம் நம்பர் உப்புத்தாளைச் சுற்றி, அந்த இடத்தில் மட்டும் பத்துப் பன்னிரண்டு தடவை தேயுங்கள். துடைத்து, விரலை விட்டுப் பார்த்து, தேவையானால் மறுபடியும் தேய்க்கலாம். கடைசியில் 220-ஆம் நம்பரால் வழுவழுப்பாக்குங்கள். தேய்த்ததைத் திரும்பக் கொண்டுவர முடியாது, அதனால் அவசரம் கூடாது. தூசி மூக்கில் போகாமல் முகக்கவசம் போடுங்கள்.

பந்தை வெயிலில் நிற்கும் காரின் டிக்கியில் விட்டுவிட்டு உடனே ஏ.சி.க்குள் கொண்டுபோகாதீர்கள். வெப்பம் சட்டென மாறினால் பந்து விரிசல் விடலாம்.

மரத்துப்போனால்

துளையின் வாய் விளிம்பு மழுங்கலாக இருக்க வேண்டும். கூராக இருந்தால், ஆட்காட்டி விரலைப் பார்த்திருக்கும் பக்கத்தில் கட்டைவிரல் அடியை அது திரும்பத் திரும்ப அழுத்தும். அங்கே தோலுக்கு வெகு அருகில் ஒரு நரம்பு ஓடுகிறது. அழுத்தம் தொடர்ந்தால் அந்த நரம்பைச் சுற்றித் தழும்புபோலத் தடிக்கும். விரல் நுனியில் மரத்துப்போதல், சுரீர் என்ற கூச்சம், தொட்டால் தெரியும் சிறு முடிச்சு ஆகியவை அறிகுறிகள். மருத்துவர்கள் இதை 'பவுலர்ஸ் தம்ப்' என்கிறார்கள். தோல் காய்த்துப்போவதும் இதுவும் ஒன்றல்ல. கேரம் ஆடிக் காய்த்த விரலோடு இதையும் சேர்த்து அலட்சியம் செய்பவர்கள் உண்டு. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். மரத்துப்போவது தெரிந்த அன்றே ஆட்டத்தை நிறுத்துங்கள். ஓய்வெடுத்தும் குறையாவிட்டால் கை மருத்துவரிடம் காட்டுங்கள். வடசென்னையில் இருப்பவர்களுக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது, அங்கே கைக்கென்றே தனிப் பிரிவு உண்டு. மறுபடி ஆட வரும்போது அதே துளையில் விரலை விடாதீர்கள். வலித்த இடத்தைப் பேனாவால் குறித்துக்கொண்டு துளை போடுபவரிடம் காட்டி, அந்தப் பக்க விளிம்பை அகலமாக மழுக்கவும் ஸ்பானை மறுபடி அளக்கவும் சொல்லுங்கள்.