ரிகர்சல் அறை ஸ்பீக்கர்: குறைந்த பட்ஜெட்டில் தாங்குகிற மாதிரி
எங்கள் பேண்டின் ரிகர்சல் அறையில் ட்வீட்டர் (ஸ்பீக்கரில் கீச்சு ஒலிகளைத் தரும் பாகம்) கருகுவதே வழக்கமாகிவிட்டது. டிரம்ஸுக்கு மேல் குரல் கேட்கவேண்டுமே என்று யாராவது ஆம்பை (ஆம்ப்ளிஃபையரை) முழுசாகத் திருப்ப, அது கிளிப் ஆகி (தன் எல்லையைத் தாண்டி ஒலி அலையின் உச்சி வெட்டுப்பட்டு) ட்வீட்டரைத்தான் முதலில் காவு வாங்கும். மாற்று தேடும்போது பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் வாட்டை விட்டுவிட்டு சென்சிட்டிவிட்டியை, அதாவது ஒரு வாட்டுக்கு எவ்வளவு சத்தம் வரும் என்பதைப் பார்த்தேன். 3 டெசிபல் கூடுதலாக இருந்தால் பாதி வாட்டிலேயே அதே சத்தம் வரும். கடைசியில் பழைய 12 இன்ச் பேசிவ் (உள்ளே ஆம்ப் இல்லாத) பெட்டிகள் எடுத்தோம், பிளைவுட் உடம்பு, இரும்பு கிரில், ட்வீட்டருக்குள் அதிரும் மெல்லிய டயாஃப்ரம் தனியாகக் கிடைக்கிற மாடல் (கிடைக்காவிட்டால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்). அப்புறம் குரலும் கீபோர்டும் மட்டும் அதில், பேஸ் கிட்டாருக்கு அதன் சொந்த ஆம்ப். குரல் சேனல்களில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள அடி ஒலிகளை வெட்டியாச்சு. பெட்டியை ஸ்டாண்டில் காது உயரத்துக்கு ஏற்றி, கார்டியாய்டு மைக்கின் (முன்பக்க ஒலியை அதிகமாகவும் பின்பக்க ஒலியைக் குறைவாகவும் பிடிப்பது) முதுகு அதைப் பார்க்கும்படி வைத்ததும், ஸ்பீக்கர் ஒலி மைக்கில் திரும்ப நுழைந்து கிளப்பும் விசிலும் அடங்கியது, வால்யூமைக் கூட்டு என்ற சண்டையும் நின்றது.