செட்டிநாட்டு ஆட்டக் குழுவுக்குப் புதிய கிளாஸ் ஒன்றை அமைக்கும் முறை

ஒவ்வொருவரும் ஒரு பாத்திரமாகிப் பகடை உருட்டி ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் போன்ற கற்பனை உலக ஆட்டங்களைத் தமிழில் ஆடத் தொடங்கும் குழுக்களில், நாலைந்து வாரம் கழிவதற்குள் யாரேனும் ஒருவர் நமக்கென்று ஒரு புதிய கிளாஸ் (பாத்திரத்தின் தொழில்வகை) வேண்டும் என்று கேட்டுவிடுவார். காரைக்குடியில் எங்கள் வீட்டு வளவில், தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல் ஒன்றை ஆட்ட உலகின் ஐந்தடிக் கட்டம் ஒன்றாகக் கொண்டு ஞாயிறுதோறும் ஆடும் ஐவரிடமிருந்தும் இந்தக் கோரிக்கை வந்தது. ஒருவர் வளரி வீசும் வீரரைக் கேட்டார். ஒருவர் ஊர் எல்லையைக் காக்கும் சாமியாடியைக் கேட்டார். இன்னொருவர், கடல் கடந்து கிட்டங்கியில் (வட்டிக்கடைகள் இருந்த கட்டடத்தில்) பெட்டியடியில் உட்கார்ந்து கணக்கெழுதிய தம் பாட்டையாவை மனத்தில் வைத்து, கணக்கப்பிள்ளை ஒருவரைக் கேட்டார். இம்மூன்றையும் உருவாக்க முயன்றதில் நாங்கள் கற்ற முறையை இங்கே எழுதுகிறேன். எண்கள் அனைத்தும் 2014ஆம் ஆண்டு வெளியான ஐந்தாம் பதிப்பின் விதிகளை ஒட்டியவை.

முதலில் செய்ய வேண்டியது, அந்தப் பாத்திரம் எப்படி உடுத்தும், எந்த ஊரில் பிறந்தது என்பதையெல்லாம் ஒதுக்கிவிட்டு, அது என்ன செய்யும் என்பதை ஒரே வினைச்சொல்லில் எழுதுவதாகும். ஆடுபுலி ஆட்டத்தை நினைத்துப் பாருங்கள். மூன்று புலிகளுக்கும் பதினைந்து ஆடுகளுக்கும் உள்ள வேறுபாடு காயின் உருவத்தில் இல்லை. கல்லும் புளியங்கொட்டையும் வைத்துக்கூட ஆடலாம். புலி தாண்டி வெட்டும், ஆடு சூழ்ந்து அடைக்கும் என்பதே வேறுபாடு. அதுபோல உங்கள் கிளாஸை எடுத்தவர் தம் முறை வரும்போது வேறு எவரும் எடுக்க முடியாத ஒரு முடிவை எடுக்க வேண்டும். அப்படி ஒரு முடிவு இல்லையென்றால், இருக்கிற கிளாஸ் ஒன்றுக்கு நீங்கள் வேறு வேட்டி கட்டிவிட்டிருக்கிறீர்கள் என்றுதான் பொருள்.

இந்தச் சோதனையில் வளரி வீரர் தேறவில்லை. சிவகங்கைச் சீமையில் மருது சகோதரர்களின் படையினர் வீசிய, ஒரு முனை கனத்துப் பிறைபோல் வளைந்த அந்த ஆயுதத்தின்மேல் எங்களுக்கு இருக்கும் பற்று பெரியது. ஆனால் பகடையை உருட்டிய பிறகு நடப்பது என்ன? குறி தப்பாமல் பட்டதா என்று பார்க்கிறோம், பட்டால் காயத்தின் அளவை எண்ணுகிறோம். இதைத்தான் போர்வீரர் கிளாஸும் செய்கிறது. ஆகவே அதைத் தனிக் கிளாஸாக்காமல், போர்வீரர் அனுபவம் சேர்ந்து மூன்றாம் நிலைக்கு உயரும்போது தேர்ந்தெடுக்கும் உட்பிரிவுகளில் ஒன்றாக வைத்தோம். கேட்டவரும் மனநிறைவோடு ஏற்றுக்கொண்டார். கோரிக்கைகளில் பெரும்பாலானவை உட்பிரிவோடு நிறைவேறிவிடும் என்பது என் கணிப்பு. இருபது நிலைகளுக்கு விதி எழுதும் உழைப்பு மிச்சமாவதால், இந்த வழியை முதலில் பார்ப்பது நல்லது.

இரண்டாவதாகப் பார்க்க வேண்டியது, புதிய கிளாஸ் மற்றவர்களிடமிருந்து எதையாவது பறிக்கிறதா என்பது. 1974இல் இந்த ஆட்டம் வெளிவந்தபோது போர்வீரர், மந்திரவாதி, பூசகர் என்று மூன்றே கிளாஸ்கள் இருந்தன. மறு ஆண்டு திருடர் சேர்ந்தார். சுவர் ஏறுவதும் ஒளிந்துகொள்வதும் திருடரின் திறன்கள் என்று எழுதப்பட்டவுடன், அதுவரை சொல்திறமையாலேயே சுவர் ஏறிக்கொண்டிருந்த போர்வீரருக்கு அந்த உரிமை உண்டா என்ற ஐயம் எழுந்தது. அந்த வாதம் இன்றும் ஓயவில்லை. எங்கள் கணக்கப்பிள்ளைக்கு முதலில் பேரம் பேசும் திறன் ஒன்றை எழுதியிருந்தோம். அடுத்த வாரமே சந்தைக் காட்சியில் மற்ற நால்வரும் வாய் திறக்காமல் கணக்கப்பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்று இரவே அந்த வரியை அடித்துவிட்டேன். எல்லோரும் செய்யக்கூடியதை ஒருவர் கூடுதலாகச் செய்வதாக எழுதுங்கள். ஒருவர் மட்டுமே செய்யலாம் என்று எழுதாதீர்கள்.

கணக்கப்பிள்ளைக்கு நாங்கள் தேர்ந்த வினைச்சொல் ‘கடன் கொடுத்தல்’. தோழர் ஒருவர் இருபது முகப் பகடையை உருட்டி, வேண்டிய எண்ணை எட்டாமல் தோற்கும் நிலையில் இருக்கும்போது, கணக்கப்பிள்ளை தம் எதிர்வினையை (சுற்றுக்கு ஒருமுறை, பிறர் முறையிலும் செய்யக்கூடிய செயலை) செலவிட்டு, ஓர் ஆறுமுகப் பகடையை உருட்டி அந்த எண்ணைக் கூட்டித் தரலாம். கொடுத்ததைப் பேரேட்டில் கடன்பட்டவர் பெயரில் பற்று எழுதிக்கொள்வார். கடன்பட்டவர் அன்றைய நெடு ஓய்வுக்குள் (பாத்திரங்கள் தூங்கித் திறன்களை மீட்கும் நேரத்துக்குள்) தம்முடைய வேறொரு வீச்சில், உருட்டுவதற்கு முன்பே அறிவித்து, ஒரு நான்குமுகப் பகடையின் எண்ணைக் கழித்துக்கொண்டு கடனைத் தீர்க்க வேண்டும். தீர்த்தால் கணக்கப்பிள்ளையின் கையிருப்பு, அதாவது அவர் கொடுக்கக்கூடிய கடன்களின் எண்ணிக்கை, உடனே திரும்பும். தீர்க்காவிட்டால் மறுநாள் காலை அந்த அளவு குறைந்த கையிருப்போடுதான் அவர் புறப்பட வேண்டும். கையிருப்பின் அளவு, நிலை உயர உயரக் கூடும் தேர்ச்சிக் கூடுதல் என்ற எண்ணுக்குச் சமம். அதாவது முதல் நிலையில் இரண்டு, பதினேழாம் நிலையில் ஆறு.

இதைப் படித்ததும், பாணர் கிளாஸும் தோழருக்கு ஓர் ஆறுமுகப் பகடையைக் கொடுக்கிறதே என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். கேட்கவும் வேண்டும், ஏற்கெனவே உள்ள ஏதேனும் ஒன்றோடு ஒட்டிப் பார்க்காமல் புதிய விதியின் பலத்தை அறிய முடியாது. பாணர் முன்கூட்டியே கொடுக்கிறார், திரும்ப வாங்குவதில்லை. கணக்கப்பிள்ளை ஆபத்து வந்த பிறகு கொடுக்கிறார், திரும்ப வாங்குகிறார். இருபது முகப் பகடையில் ஒவ்வோர் எண்ணும் 5 விழுக்காடு என்பதால், ஆறுமுகப் பகடையின் சராசரியான 3.5 ஏறக்குறைய 17 விழுக்காட்டு உதவியாகிறது. நான்குமுகப் பகடையின் சராசரியான 2.5 ஏறக்குறைய 12 விழுக்காட்டுச் சுமையாகிறது. வாங்கியதைவிடக் குறைவாகத் திருப்பினால் போதும் என்பதால் தோழர்கள் கடன் வாங்கத் தயங்குவதில்லை. ஆனால் எப்போது திருப்புவது என்ற கவலை ஆட்டம் முழுவதும் அவர்களோடு இருக்கிறது. இரண்டு ஆட்டக்காரர்களை ஒருவரையொருவர் திரும்பிப் பார்க்க வைக்கும் இத்தகைய கட்டுதான் ஒரு கிளாஸுக்கு உயிர் என்று நான் நம்புகிறேன்.

விதி எழுதியவுடன் அது சரியாகிவிடாது. மூன்றாவது ஞாயிறன்று எங்கள் மந்திரவாதி, பாழடைந்த சத்திரத்தின் பெயர்ப்பலகையைப் படிக்கிறேன் என்று சொல்லி, அதற்கொரு வீச்சைக் கேட்டு வாங்கி, அதிலே கடனைக் கழித்துவிட்டார். தோற்றாலும் இழப்பில்லாத இடத்தில் கடனைத் தீர்க்க முடியுமானால் அது கடனே இல்லை. தாக்குதல் வீச்சிலோ, ஆபத்திலிருந்து தப்ப உருட்டும் தற்காப்பு வீச்சிலோ மட்டுமே கடன் கழியும் என்று அன்றே திருத்தினோம். குறுக்கு வழியைக் கண்டுபிடித்தவரைக் கோபிக்காதீர்கள். உங்கள் விதியை மிகக் கவனமாகப் படித்தவர் அவர்தான்.

மற்ற அடிப்படைகளை விரைவில் முடித்துவிடலாம். பாத்திரம் எவ்வளவு காயம் தாங்கும் என்பதைக் காட்டும் உயிர்ப்புள்ளிகளைத் தீர்மானிக்கும் உயிர்ப்பகடை மந்திரவாதிக்கு ஆறுமுகமும், காட்டுவீரருக்குப் பன்னிரண்டு முகமும். நடுவில் நிற்பவருக்கு எட்டு முகம் பொருந்தும். தற்காப்பு வீச்சுகளில் லாகவம், உடலுறுதி, ஞானம் ஆகிய மூன்றும் அடிக்கடி வருபவை. ஒவ்வொரு கிளாஸும் இவற்றில் ஒன்றையும், அரிதாக வரும் மற்ற மூன்றில் ஒன்றையும் பெற்றிருப்பது வழக்கம். கணக்கப்பிள்ளைக்கு அறிவும் ஞானமும் கொடுத்தோம்.

ஐந்தாம் நிலையில் மட்டும் சற்று நின்று பாருங்கள். அந்த நிலையில் போர்வீரர் தம் முறை வரும்போது இரண்டு தடவை தாக்கத் தொடங்குகிறார். மந்திரவாதி மூன்றாம் படி மந்திரங்களுக்கு வருவதால் எட்டு ஆறுமுகப் பகடைகளை உருட்டும் நெருப்புக்கோளத்தை எறிகிறார். உங்கள் கிளாஸும் அங்கே ஒரு தாவல் தாவாவிட்டால், அதை எடுத்தவர் மற்றவர்களுக்குப் பின்னால் நடப்பவராகிவிடுவார். எங்கள் கணக்கப்பிள்ளைக்கு அங்கே உண்டியலை வைத்தோம். ஓரூரில் பணத்தைக் கட்டிவிட்டு வேறோர் ஊரில் காகிதத்தைக் காட்டிப் பெற்றுக்கொள்வதுதானே நம்மவர்கள் எழுதிய உண்டியல். ஆட்டத்தில், தோழர் ஒருவர் முதல் அல்லது இரண்டாம் படி மந்திரம் ஒன்றைத் தம் கணக்கிலிருந்து செலவிட்டு உண்டியலில் எழுதிக் கொடுக்கலாம். அதை வைத்திருக்கும் எவரும், மந்திரம் அறியாதவரானாலும், ஒருமுறை மாற்றிக்கொள்ளலாம். ஒரே சமயத்தில் நடப்பில் இருக்கக்கூடிய உண்டியல் ஒன்றுதான்.

சோதித்துப் பார்க்கும்போது சண்டைகளின் எண்ணிக்கையைக் கவனியுங்கள். ஒரு நாளில் ஆறு முதல் எட்டு நடுத்தர அல்லது கடினமான மோதல்கள் நிகழும் என்ற கணக்கில்தான் ஐந்தாம் பதிப்பு எழுதப்பட்டிருக்கிறது. மாலை நான்கு மணிக்குத் தொடங்கி இரவுச் சாப்பாட்டுக்குக் கலையும் எங்களைப் போன்ற குழுவுக்கு இரண்டு மோதல்களே வாய்க்கின்றன. நெடு ஓய்வில் நிரம்பும் திறன்களை உடைய கிளாஸ், இப்படிப்பட்ட குழுவில் உண்மையைவிடப் பலமாகத் தெரியும். ஆகவே ஒரே நாளின் கதையை மூன்று ஞாயிறுகளுக்கு நீட்டி, இடையில் நெடு ஓய்வு கொடுக்காமல் ஆடிப் பார்த்த பிறகே எண்களை மாற்றுங்கள்.

பெயரிடுவதைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். கணக்கப்பிள்ளைக்குப் பதிலாக ஒரு சாதிப் பெயரை வைக்கலாம் என்று குழுவில் ஒருவர் சொன்னபோது நான் மறுத்துவிட்டேன். கிளாஸ் என்பது ஒருவர் பயின்று பெறும் தொழில். பிறப்பால் வருவதை அங்கே கொண்டுவந்து ஒட்டக்கூடாது. சாமியாடியைக் கேட்டவருக்கும் இதே கவனத்தோடுதான் பதில் சொன்னோம். புரவி எடுப்பின்போது மண்குதிரைகளைத் தோளில் சுமந்து போகும் ஊர்களில், அய்யனார் இன்றும் இரவில் எல்லையைச் சுற்றி வருபவர். அவருக்கு உயிர்ப்புள்ளி எழுத எங்களுக்கு மனம் வரவில்லை. தெய்வத்தின் பெயரை விட்டுவிட்டு, தரையில் ஒரு கோட்டைக் கீறி அதற்குள் நிற்பவர்களைக் காக்கும் ‘எல்லைக்காவலர்’ என்று வைத்துக்கொண்டோம். காத்தல் என்ற வினை கிடைத்துவிட்டதால் கேட்டவருக்குக் குறை ஒன்றும் தோன்றவில்லை.

எல்லாம் முடிந்ததும் இரண்டு பக்கத்துக்கு மிகாமல் எழுதி, மேலே தேதியிடுங்கள். பழைய படி யாரிடமாவது தங்கிக் குழப்பம் வராமல் இருக்கும். பொதுவில் பகிர எண்ணினால், ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித் தொகுப்பு 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிடப்பட்டிருப்பதால், மூலத்தைக் குறிப்பிட்டு அதன்மேல் கட்டியெழுப்ப உங்களுக்குத் தடையில்லை. பகிர்வதற்கு முன், உருவாக்கத்தில் பங்கு கொள்ளாத ஒருவரிடம் அந்தப் பக்கங்களைக் கொடுத்து, விளக்கம் எதுவும் சொல்லாமல் படிக்கச் சொல்லுங்கள். நான் எங்கள் அப்பத்தாவிடம் கொடுத்தேன். தாயக்கட்டையைத் தவிர வேறு பகடை அறியாத அவர், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு பக்கத்தையும் படித்துவிட்டு, “கடன் வாங்குனவன் செத்துப்போனா யாருப்பா கட்டுறது?” என்று கேட்டார். எங்கள் ஐவருக்கும் அது தோன்றியிருக்கவில்லை. கடன்பட்ட பாத்திரம் இறந்தால், அந்தக் கடனைக் குழுவில் வேறொருவர் தம் பெயருக்கு மாற்றி எழுதிக்கொள்ளலாம், எவரும் முன்வராவிட்டால் அடுத்த நிலைக்கு உயரும்வரை கணக்கப்பிள்ளையின் கையிருப்பில் ஒன்று குறையும் என்ற வரியைச் சேர்த்துத் தேதியை மாற்றினேன்.